இரண்டாவது பெயரில் 10 நாவல்கள்: ஒரு ஃபேன்டசி எழுத்தாளரின் புனைபெயர், நிகழ்வு ஆய்வு

முதலில் ஒரு விஷயம். இதில் வருகிற எழுத்தாளர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் ஆள் யாரென்று தெரியாமலிருக்கக் கதை விவரங்கள் சிலவற்றை மாற்றிவிட்டேன். ஆண்டுகளும் போடவில்லை, புனைபெயரில் முதல் புத்தகம் வந்ததை முதல் வருஷம் என்று வைத்து எண்ணியிருக்கிறேன். நடந்த வரிசையும் எடுத்த முடிவுகளும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது புத்தகத்திலிருந்து நான்தான் அவருடைய எடிட்டர். இதில் வரும் தவறுகளில் பாதி என்னுடையவை.

பின்னணி

சொந்தப் பெயரில் அவர் 11 வருஷத்தில் 8 நாவல் எழுதியிருந்தார். எல்லாம் தனித்தனிக் கதைகள், 300 பக்கத்தைத் தாண்டாதவை, மந்திரவாதிகளையும் அரசவைகளையும் கொஞ்சம் கேலியாகப் பார்ப்பவை. விமர்சனங்கள் நன்றாகவே வந்தன. விற்பனைதான் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

இந்த இறக்கம் எப்படி நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. புத்தகக் கடைக்காரர் அடுத்த நாவலுக்கு ஆர்டர் போடும்போது முந்தைய நாவல் எத்தனை விற்றது என்று கணினியில் பார்ப்பார். 10 வாங்கி 6 விற்றிருந்தால் இந்த முறை 6 வாங்குவார். அலமாரியில் 6 இருந்தால் 4 விற்கும். அதற்கடுத்த புத்தகத்துக்கு 4. புதுப் புத்தகம் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது, எழுதியவரின் பெயரை வைத்துத்தான் எல்லாம் ஓடும். எட்டாவது நாவலுக்குக் கிடைத்த முன்பணம் முதல் நாவலுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. ஒன்பதாவது கையெழுத்துப் பிரதியைப் பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்த ஒன்பதாவதுதான் இந்தக் கதையின் தொடக்கம். அதில் கேலி கிடையாது. ஒரு கோட்டையில் பூட்டுச் செய்யும் கிழவன் தன் இளமைக் காலத்தைத் தன்மையில் சொல்லிக்கொண்டு போகிறான், 600 பக்கத்துக்கு, அப்போதும் முடியவில்லை. அந்த உலகத்தில் மந்திரம் உண்டு, ஆனால் ஒவ்வொரு முறை மந்திரம் போடும்போதும் போட்டவனுக்குக் காது கொஞ்சம் மங்கும். பெரிய மந்திரவாதி என்றால் முழுச் செவிடு. அவருக்காகப் பதிப்பகங்களிடம் பேசும் முகவர் படித்துவிட்டு, இது வேறு யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது என்றாராம். பாராட்டாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, அப்படியானால் வேறு யாரோ எழுதியதாகவே அனுப்பிப் பார்ப்போமா என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார்.

பெயர் மாற்றிய முடிவு

காரணம் இரண்டு. பழைய விற்பனைக் கணக்கு இல்லாமல் கடைக்குள் போகலாம் என்பது ஒன்று. மற்றொன்று வாசகர் சம்பந்தப்பட்டது: பழைய பெயரைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக வருபவர் கையில் 600 பக்கத் துயரத்தைக் கொடுத்தால் அவருக்கும் ஏமாற்றம், புத்தகத்துக்கும் கெட்ட பெயர்.

முன்மாதிரிகள் இருந்தன. மேகன் லிண்ட்ஹோம் என்ற பெயரில் 1983-இலிருந்து ஃபேன்டசி நாவல் வெளியிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் 1995-இல் ராபின் ஹாப் ஆனார். ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர், கதையைச் சொல்பவன் ஓர் ஆண் என்பதால் அது பொருந்தியும் போனது. அந்தப் பெயரில் ஒரே உலகத்தை வைத்து 2017 வரை 16 நாவல் எழுதினார். 2011-இல் இரண்டு பெயர்களின் கதைகளையும் ஒரே தொகுப்பில் போட்டார். அவருக்கு இரண்டு பெயர் என்பது இரண்டு அலமாரி மாதிரி, எதில் என்ன இருக்கும் என்று வாசகருக்குத் தெரியும். கே.ஜே. பார்க்கர் விஷயம் இதற்கு நேரெதிர். 1998-இல் முதல் நாவல், நடுவில் குறுநாவலுக்காக இரண்டு முறை உலக ஃபேன்டசி விருது, இத்தனைக்கும் ஆள் யாரென்று 2015 வரை அதிகாரபூர்வமாகத் தெரியாது. கடைசியில் பார்த்தால் நகைச்சுவை ஃபேன்டசி எழுதும் டாம் ஹோல்ட்.

எங்கள் எழுத்தாளர் மனதில் இருந்தது முதல் வகை. பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவுக்குப் பிடித்தது இரண்டாவது வகை, மர்மம் நன்றாக விற்கும் என்பது அவர்கள் நினைப்பு. இந்த இரண்டில் எது என்று யாரும் யாரிடமும் கேட்டு முடிவு பண்ணவில்லை. அவரவர் நினைத்ததையே எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த சிக்கலில் பாதி இங்கேயே விதைத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் தொடக்கத்திலேயே உறுதியாக நின்றார். பின்னட்டைக்கு 'முன்னாள் மாலுமி, மலைக்கிராமத்தில் தனியாக வசிக்கிறார்' என்று ஒரு கற்பனை வாழ்க்கைக்குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, பெயர்தான் மாறுகிறது, நான் பொய் சொல்லப்போவதில்லை என்று ஓரத்தில் எழுதித் திருப்பியனுப்பினார். படம் கிடையாது, வாழ்க்கைக்குறிப்பு இரண்டே வரி, இரண்டும் உண்மை. பெயரில் முதலெழுத்துகளும் ஒரு குடும்பப் பெயரும் மட்டும். தமிழில் 'அவர்' என்று எழுதி ஆணா பெண்ணா என்பதிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம். அவர் எழுதுகிற மொழியில் அந்த வசதி இல்லாததால் விளம்பர வாசகம் ஒவ்வொன்றையும் எழுவாயே இல்லாமல் சுற்றி வளைத்து எழுத வேண்டியிருந்தது, அதில் சில வாக்கியங்கள் படிக்கவே பாவமாக இருக்கும்.

முதல் 5 வருஷம்

புத்தகம் போயிற்று. பெரிய வெடி எல்லாம் இல்லை, முதல் அச்சு 7 மாதத்தில் தீர்ந்தது, இரண்டாம் பாகம் வந்தபோது முதல் பாகம் மறுபடி விற்றது. தொடர் நாவலின் பலமே அதுதான், ஒவ்வொரு புதுப் பாகமும் பழைய பாகத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரும். தனி நாவல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் வந்து சேர்ந்தது ஒரு பிழையால். முதல் பாகத்தில் கோட்டை வாசல் சண்டையில் கதைசொல்லிக்கு இடது காது போய்விடுகிறது. இரண்டாம் பாகத்தில் அவன் இருட்டில் படுத்திருக்கும்போது இடப்பக்கம் மணிச்சத்தம் கேட்டு எழுந்திருக்கிறான், வலது காது தலையணைக்குள் இருக்கிறது. ஆசிரியர், பழைய எடிட்டர், மெய்ப்பு பார்த்தவர் மூன்று பேருமே கவனிக்கவில்லை. வாசகர்கள் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். காது போவதையே மையமாக வைத்த தொடரில் எந்தக் காது என்று தெரியாவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

அதற்குப் பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டு போட்டோம். குறுக்கே கதாபாத்திரங்களின் பெயர், நெடுக அத்தியாயங்கள், கட்டத்துக்குள் வலது காது எவ்வளவு, இடது எவ்வளவு, நிலா எந்த நிலையில், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது. கணினியில் செய்யலாமே என்று நான் கேட்டேன். பென்சிலால் எழுதி அழித்தால்தான் எனக்கு உலகம் நினைவில் நிற்கும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். இன்று அது நான்கு நோட்டாகிவிட்டது, இரண்டாவது நோட்டின் மேல்மூலையில் காப்பிக் கறை.

அப்போது உண்மை தெரிந்தவர்கள் ஆறு பேர். ஆசிரியர், அவர் வீட்டில் ஒருவர், முகவர், பதிப்பாளர், கணக்குப் பிரிவில் ஒருவர், நான். ஆறு பேர்தானே என்று நினைத்தோம், யார் யார் என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை.

கவனித்தது

ஐந்தாம் வருஷம் புனைபெயருக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. இரண்டு பக்கம்தான். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் பழைய பெயரில் வந்த நாவல்களிலிருந்தும் வலப்பக்கம் புதுப் பெயரில் வந்தவற்றிலிருந்தும் வரிகளைப் பக்க எண்ணோடு எதிரெதிரே எழுதியிருந்தார். இரண்டு பேரின் கதைகளிலும் ஆட்கள் கயிற்றை இடப்பக்கமாகவே சுருட்டுகிறார்கள். கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரகசியம் பேசுகிறார்கள். கோபம் வந்தால் பாத்திரம் கழுவப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஆடு. பழைய 8 நாவலில் 6-லும் புது நாவல்கள் நான்கிலும் ஏதாவது ஓர் ஆடு முக்கியமான ஒரு காகிதத்தைத் தின்றுவிடுகிறது. ஒரு நாவலில் அது உயில், இன்னொன்றில் சமாதான ஒப்பந்தம்.

கடிதத்தில் மிரட்டலோ குற்றச்சாட்டோ இல்லை. கடைசி வரியில், 'நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, ஆட்டுக்கு என் அன்பு' என்று இருந்தது.

இதைப் பார்த்ததும் பதிப்பகத்தில் ஒரு பதற்றம். ஆசிரியருக்குச் சிரிப்புதான் வந்தது. கயிறு விஷயம் அவருக்கே அதுவரை தெரியாது, அவர் இடதுகைக்காரர், எல்லோருமே அப்படித்தான் சுருட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

தடயம் அழித்த புத்தகம்

அடுத்து எடுத்த முடிவு என்னுடையது, தவறானது. ஆறாவது நாவலில் இந்தப் பழக்கங்களை எல்லாம் துடைத்துவிடலாம் என்றேன். ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன்: தாழ்ப்பாள் வேண்டாம், பாத்திரம் வேண்டாம், ஆடு கூடவே கூடாது. வாக்கியங்கள் அவருக்கு நீளமாக வரும், அவற்றை வெட்டச் சொன்னேன். நல்ல மாணவர் மாதிரி எல்லாவற்றையும் செய்தார்.

வந்து சேர்ந்த கையெழுத்துப் பிரதியில் குறையென்று விரல் வைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. உயிரும் இல்லை. ரகசியம் பேசும் காட்சியில் இரண்டு பேர் நடுக்கூடத்தில் நின்று பேசினார்கள், அவர்கள் பயப்படுகிறார்கள் என்று தனியாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. தாழ்ப்பாளைத் தொடும் கை அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு வாரம் திருத்திப் பார்த்தோம், அப்புறம் ஆசிரியரே ஒரு நாள் பாதியைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். மொத்தத்தில் 8 மாதம் தாமதம். வெளியான புத்தகத்தில் தாழ்ப்பாள் திரும்பி வந்துவிட்டது. ஆடு வரவில்லை, அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி காகிதத்தை எரித்தது, யாருக்கும் நினைவிருக்காத காட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தத் துடைப்பு வேலையால் எதுவும் மறைந்திருக்காது. எழுத்து யாருடையது என்று கணினியால் பார்ப்பவர்கள் ஆட்டையும் தாழ்ப்பாளையும் தேடுவதில்லை. இணைப்புச் சொற்கள், சின்னச் சின்ன இலக்கணச் சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்றுதான் எண்ணுகிறார்கள், அவை எழுதுபவரின் கவனத்துக்கே வராமல் விழுபவை. 1964-இல் அமெரிக்க அரசியல் கட்டுரைகள் சிலவற்றை எழுதியது யார் என்று மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் பார்த்தது இந்த வழியில்தான்.

கசிந்த விதம்

ஒன்பதாம் வருஷம் உண்மை வெளியே வந்தது. எழுத்து நடையால் அல்ல. ஒரு வெளிநாட்டு மொழிபெயர்ப்புப் பதிப்பின் நான்காம் பக்கத்தில், காப்புரிமை வரியில், சொந்தப் பெயர் அச்சாகியிருந்தது. மூல ஒப்பந்தத்தில் புனைபெயரைத் தவிர வேறெதையும் அச்சிடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. மொழிபெயர்ப்பு உரிமைக்கான துணை ஒப்பந்தத்தில் அந்த விதியை யாரும் சேர்க்கவில்லை, கையெழுத்து மட்டும் சட்டப்படியான பெயரில் இருந்தது. அங்கே பக்கம் கட்டியவர் ஒப்பந்தத்தைப் பார்த்து ஒழுங்காகத் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

பிறகு படித்துப் பார்த்தால் மற்றவர்களுக்கும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ரிச்சர்ட் பாக்மன் என்பது ஸ்டீஃபன் கிங் என்று 1985-இல் வெளிவந்ததற்குக் காரணம் ஒரு புத்தகக் கடை ஊழியர் காப்புரிமைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தது. நடையைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது, உறுதி செய்தது காகிதம். ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற ஆண் பெயரில் எழுதிய ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் எழுத்தைப் படித்து இது ஆண் எழுதியதேதான் என்று அடித்துச் சொன்னவர்கள் உண்டு. 1977-இல் அவர் வெளிப்பட்டது, தாய் இறந்ததைக் கடிதத்தில் நண்பர்களிடம் சொல்லப்போய், இரங்கல் குறிப்போடு அது பொருந்திப்போனதால். 2013-இல் ராபர்ட் கால்பிரெய்த் என்பது ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங்தானா என்று மொழியியலாளர்களிடம் கொடுத்து ஒப்பிட்டார்கள்தான், ஆனால் அதற்கு முன்பே ஒரு வழக்கறிஞர் தெரிந்தவரிடம் வாய்விட்டது ட்விட்டர் வரை போயிருந்தது.

எடுத்த முடிவுகள்

பதிப்பகம் முதலில் மறுக்கச் சொன்னது. அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார்கள். ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. 9 வருஷமாக ஒரு பொய்யும் சொல்லாமல் வந்திருந்ததால் அவருக்கு இந்த இடத்தில் தடுமாற்றம் இருக்கவில்லை. ஆமாம், நான்தான், இரண்டு வகைக் கதைக்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறேன், இரண்டையும் தொடர்ந்து வைத்திருப்பேன் என்று மூன்று வாக்கியத்தில் ஓர் அறிவிப்பு. மூன்றாம் நாள் வெளியிட்டோம். பேட்டி எதுவும் கொடுக்கவில்லை.

அடுத்த கேள்வி, பழைய 8 நாவல்களை என்ன செய்வது. புனைபெயரைப் பெரிய எழுத்தில் அட்டையில் போட்டு எல்லாவற்றையும் மறுபதிப்பு செய்ய வேண்டும் என்றது பதிப்பகம். ரகசியம் உடைவதற்கு முன் பாக்மன் பெயரில் கடைசியாக வந்த நாவல் அதுவரை 28,000 பிரதி போய், உடைந்ததும் அதைப்போல் பத்து மடங்கு போனது என்ற கதையை அந்த வாரம் எத்தனை பேர் எத்தனை முறை சொன்னார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். அங்கே தெரியாத பெயருக்குப் பின்னால் இருந்தது உலகமே அறிந்த பெயர். இங்கே தெரிந்த பெயருக்குப் பின்னால் இருந்தது யாரும் வாங்காமல் விட்ட பெயர். இரண்டும் ஒன்றா? ஆசிரியர் இதைச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் இரண்டு நாவலுக்கு மட்டும் சரி என்றார். மிச்சம் ஆறும் பழைய பெயரிலேயே, பின்னட்டையில் சின்னதாக ஒரு வரியோடு.

பிறகு நடந்தது

அந்த இரண்டும் முதல் மாதம் நன்றாக விற்றன, பிறகு கட்டுக்கட்டாகக் கடைகளிலிருந்து திரும்பி வந்தன. காது மங்கும் மந்திரவாதிகளைத் தேடி வந்தவர்கள் கையில் தவளையாக மாறிய நிதியமைச்சரைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும். மற்ற ஆறும் மெதுவாக விற்றன, ஆனால் திரும்பி வரவில்லை, இரண்டு வருஷத்தில் இரண்டு முறை மறுஅச்சு. தொடரின் விற்பனையில் ரகசியம் உடைந்ததால் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாசகர்களுக்குக் கதைசொல்லியின் காது என்ன ஆகிறது என்பதுதான் கவலை.

அடி விழுந்தது வேறு இடத்தில். ஆசிரியருக்கு 20 வருஷ நண்பர் ஒருவர், அவரும் எழுத்தாளர். நான்காம் வருஷம் ஒரு சாப்பாட்டு மேசையில், நீ இந்தப் புது ஆளைப் படித்துப் பார், இப்படி எழுதக் கற்றுக்கொள் என்று ஆசிரியரிடமே சொல்லியிருக்கிறார், கையில் அந்தப் புத்தகத்தையும் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அது வேடிக்கை என்றுதான் எங்களிடம் சொன்னார், நாங்களும் சிரித்தோம். உண்மை வெளிவந்த அன்று அந்த நண்பருக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சாப்பாட்டு மேசைதான். ஒரு வருஷம் பேசவில்லை. இப்போது பேசுகிறார்கள், பழைய மாதிரி இல்லை. பொய்யே சொல்லாமலும் ஒருவரை முட்டாளாக்கிவிட முடியும் என்பதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை.

மாற்றிச் செய்வதென்றால்

புனைபெயர் எதற்கு, மறைக்கவா பிரிக்கவா என்பதை முதல் ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருப்போம். பிரிக்கத்தான் என்றால் எந்த வருஷம், எந்தப் புத்தகத்தோடு நாமே சொல்லப்போகிறோம் என்பதும் அதில் இருக்கும். முதல் மூன்று பாகம் முடிந்தபோது சொல்லியிருந்தால் கடைகளில் பழைய விற்பனைக் கணக்கு மறந்துபோயிருக்கும், நண்பர் அந்தப் புத்தகத்தை நீட்டும் நாளும் வந்திருக்காது.

பெயர் பற்றிய விதி ஒவ்வொரு துணை ஒப்பந்தத்திலும் வர வேண்டும், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், படம் எதுவானாலும். காப்புரிமைப் பதிவில் சட்டப்படியான பெயரைக் கொடுத்தால் அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஆவணமாகிவிடும் நாடுகள் உண்டு, அதையும் முன்பே பார்க்க வேண்டும். இதில் காலக்கணக்கும் இருக்கிறது. எழுதியவர் யாரென்று தெரியாத புனைபெயர் நூலுக்குக் காப்புரிமை, வெளியானதிலிருந்து எண்ணப்படும்: பெர்ன் என்ற சர்வதேசக் காப்புரிமை உடன்படிக்கைப்படி குறைந்தது 50 வருஷம், இந்தியாவில் 60, அமெரிக்காவில் வெளியானதிலிருந்து 95 அல்லது எழுதியதிலிருந்து 120, எது முந்துகிறதோ அது. எழுதியவர் யாரென்று முறைப்படி வெளிப்படுத்திவிட்டால் அவர் ஆயுளையும் சேர்த்த கணக்கு வரும். வாரிசுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் ஆசிரியரின் உயிலில் பத்தாம் வருஷம் வரை புனைபெயரே இல்லை.

தெரிந்தவர்கள் பட்டியலை இப்போது எழுதி வைக்கிறோம், அடுத்து இன்னொரு எழுத்தாளருக்கு இதே வேலை செய்யப்போவதால். அவருக்கு நான் தடயப் பட்டியல் எதுவும் கொடுக்கப்போவதில்லை.

இது பன்னிரண்டாம் வருஷம். புனைபெயரில் 10 நாவல் வந்துவிட்டது, பதினொன்றாவதின் மெய்ப்பு போன வாரம் மேசைக்கு வந்தது. 212-ஆம் பக்கத்தில் தூதன் கொண்டுவந்த ஓலையை ஓர் ஆடு தின்கிறது. மெய்ப்பு பார்த்தவர், இது தேவையா, கதை நின்றுவிடுகிறதே என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதன் கீழே 'இருக்கட்டும்' என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.